உங்க தெருவுக்குப் புதுசா நடைபாதை கேட்கணுமா? சென்னையில இப்படிக் கேளுங்க

வணக்கம். நடைபாதையே இல்லாத தெருவுல புதுசா ஒண்ணு போட வைக்கிறது எப்படின்னு இன்னைக்குப் பார்ப்போம். சென்னை மாநகராட்சியை வெச்சே சொல்றேன்.

நிறைய பேர் நேரா மாநகராட்சியோட புகார் எண் 1913க்கு போன் போடுறாங்க. கல்லு பேந்திருக்கு, மூடி உடைஞ்சிருக்குன்னா அது சரிதான். ஆனா நடைபாதை புது வேலை. எஸ்டிமேட் போடணும், நிதி ஒதுக்கணும், டெண்டர் விடணும். புகாரை வாங்குறவருக்கு அந்த அதிகாரமே கிடையாது, அதனால புகாரை முடிச்சு விட்டுடுவாங்க. மனுவாத்தான் குடுக்கணும்.

அதுக்கு முன்னாடி, ரோடு யாரோடதுன்னு தெரியணும். பஸ் போற ரோடுன்னா மாநகராட்சியோட பேருந்து தட சாலைகள் துறை, உள் தெருன்னா மண்டல அலுவலகம். சில பெரிய ரோடு மாநில நெடுஞ்சாலைத் துறை கையில இருக்கு. வார்டு ஏ.இ.யை, அதாவது உதவிப் பொறியாளரைக் கேட்டாலே சொல்லிடுவார். எழுத்துல வேணும்னா தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு (ஆர்டிஐ) போடுங்க. 10 ரூபா கட்டணம், 30 நாள்ல பதில் வரணும். "ஏன் போடலை"ன்னு கேட்காதீங்க, அதுக்குப் பதில் வராது. பதிவேட்டுல இருக்கிற சாலை அகலம், மழைநீர் வடிகால் வரைபடம், அந்தத் தெருவுல குழாய், கேபிள் தோண்ட அனுமதி குடுத்திருக்காங்களா, இந்த மூணோட நகலைக் கேளுங்க. போட்ட நடைபாதையை ஆறே மாசத்துல தோண்டிப் போடுறது இந்த மூணாவதைப் பார்க்காததாலதான்.

அடுத்தது அளவு. இதைத்தான் யாரும் செய்யறதில்லை. காலையில வண்டி வர்றதுக்கு முன்னாடி 30 மீட்டர் டேப் எடுத்துட்டுப் போங்க. மதில்லேர்ந்து எதிர் மதில் வரைக்கும் மூணு நாலு இடத்துல அளந்து, குறுகலான இடத்தைக் கணக்குல எடுங்க. இந்திய சாலைகள் காங்கிரஸோட (ஐ.ஆர்.சி.) நடைபாதை விதிமுறை 103படி குடியிருப்புத் தெருவுல தடையில்லாத அகலம் குறைஞ்சது 1.8 மீட்டர், கடைத்தெருவுல 2.5 மீட்டர், உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல போகக் கூடாது. மரம், கம்பம், ட்ரான்ஸ்ஃபார்மர் பிடிக்கிற இடம் போகத்தான் அந்த 1.8. தெரு 9 மீட்டர்னா ரெண்டு பக்கமும் போட்டாலும் 5.4 மீட்டர் மிச்சம், ரெண்டு கார் தாராளமா போகும். 6 மீட்டர்னா 2.4தான் மிச்சம், தீயணைப்பு வண்டியே உள்ள வராது. அந்தத் தெருவுல ஒரு பக்கம் மட்டும் கேளுங்க. இல்லேன்னா வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்க, அதுதான் நியாயமான கோரிக்கை.

வேலை பெரும்பாலும் நிக்கிறது எங்கன்னா, நம்ம வீட்டு கேட் முன்னாடி. வண்டி ஏறுறதுக்கு அவங்கவங்க சிமென்ட் சரிவு போட்டு ரோடு வரைக்கும் நீட்டியிருப்பாங்க. அதை இடிக்க வந்த முதல் நாளே சண்டை, கான்ட்ராக்டர் பக்கத்துத் தெருவுக்குப் போயிடுவார். சண்டை வேண்டாம்னு ஒவ்வொரு கேட்டுக்கும் நடைபாதையை இறக்கி ஏத்தினா, முட்டி வலிக்காரங்களும் சக்கர நாற்காலிக்காரங்களும் மறுபடி ரோட்டுலதான் போவாங்க. நடைபாதை ஒரே மட்டத்துல ஓடட்டும், வண்டிச் சரிவு ரோட்டோர விளிம்புல மட்டும் இருக்கட்டும்னு மனுவுலயே எழுதுங்க. சரிவை எடுக்கச் சம்மதம்னு கதவு எண்ணோட கையெழுத்தும் வாங்கி வெச்சுக்கோங்க.

மனு ஒரு பக்கம் போதும். தெரு, வார்டு, மண்டலம், எங்கேர்ந்து எங்க வரை, எத்தனை மீட்டர், பக்கத்துல இருக்கிற பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாப், ரேஷன் கடை. பள்ளிக்கூட நேரத்துல ஒரு மணி நேரம் நின்னு, ரோட்டுல இறங்கி நடக்கிறவங்களை எண்ணி அந்த எண்ணிக்கையையும் போடுங்க. 2025 மே மாசம் உச்ச நீதிமன்றம் நடைபாதையைப் பயன்படுத்துற உரிமை அரசியல் சாசனத்தோட 21ஆவது பிரிவுல அடங்கும்னு சொல்லியிருக்கு, அதையும் ஒரு வரி சேருங்க. ஆணையருக்கு மனு, மண்டல அலுவலர், செயற்பொறியாளர், கவுன்சிலருக்கு நகல். முத்திரை குத்தின ஒப்புகை இல்லாம வெளிய வராதீங்க. வார்டுக்குள்ள பகுதி மக்கள் கூடுற ஏரியா சபைக் கூட்டத்துலயும் சொல்லித் தீர்மானத்துல ஏத்துங்க.

காலம் ரொம்ப முக்கியம். நிதியாண்டு ஏப்ரல்ல தொடங்குது, பட்ஜெட் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும். அதனால அக்டோபர், நவம்பர்லயே மனு உள்ள இருக்கணும். தவறிப் போச்சுன்னா எம்.எல்.ஏ. தொகுதி நிதியையோ கவுன்சிலர் வார்டு நிதியையோ கேட்டுப் பாருங்க. தெருவுல வடிகால் வேலை வருதுன்னா அதோட சேர்த்தே கேளுங்க, ஒரே தோண்டல்ல முடியும்.

தள்ளுவண்டிக்காரங்களை அப்புறப்படுத்தணும்னு இதே மனுவுல எழுதாதீங்க. அது 2014 தெருவோர வியாபாரிகள் சட்டத்துல வருது, வேற குழு பார்க்கிறது. கலந்தா ரெண்டும் நிக்கும், அவங்க பிழைப்பும் அதுல இருக்கு.

வேலை ஆரம்பிச்சதும் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, போடப் போடவே டேப் வெச்சு அளங்க. தடையில்லாத அகலம் 1.8 மீட்டருக்குக் கீழ இருந்தா, கான்ட்ராக்டருக்குக் கடைசி பில் பாஸ் ஆகறதுக்கு முன்னாடி ஏ.இ.க்கு எழுத்துல குடுத்துடுங்க.