ராத்திரிக்கு ரொட்டிதான்: ஜெர்மன் சாப்பாட்டு மேஜை

வணக்கம் நேயர்களே. ஜெர்மன் சாப்பாடு என்றதும் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது சாசேஜும் பீரும்தான். தப்பில்லை, இரண்டும் அங்கே பெரிய விஷயம்தான். ஆனால் அந்த நாட்டில் சில வருடங்கள் குடியிருந்து, அக்கம்பக்கத்து வீடுகளில் உட்கார்ந்து சாப்பிட்டவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: ஜெர்மன்காரர்கள் சாப்பாட்டின் உயிர் அவர்களுடைய பேக்கரி ரொட்டியில் இருக்கிறது. வேலைக்காக வெளிநாடு போன ஒரு ஜெர்மன்காரரிடம் ஊர்ச் சாப்பாட்டில் எதை நினைத்து ஏங்குகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் யோசிக்காமல் சொன்ன பதில், ரொட்டி.

நம் கடைகளில் பிளாஸ்டிக் உறையில் வரும் பஞ்சு மாதிரியான பிரெட்டை மனதில் வைத்துக்கொண்டு இதைக் கேட்காதீர்கள். அங்கே ஒரு ரொட்டியைக் கையில் தூக்கினால் கனம் தெரியும். மேல்தோல் கெட்டியாக, கருத்தும் வெடித்தும் இருக்கும், அடியில் விரலால் தட்டினால் உள்ளே வெந்திருப்பது சத்தத்திலேயே தெரிந்துவிடும், அறுத்தால் உள்ளே ஈரம், லேசான புளிப்பு வாசனை. இரண்டு துண்டு சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும். ஜெர்மன் ரொட்டி நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது, அது வைத்திருக்கும் பதிவேட்டில் 3,000-க்கும் மேற்பட்ட ரொட்டி வகைகள் ஏறியிருக்கின்றன. 2014-ல் ஜெர்மன் யுனெஸ்கோ ஆணையம் இந்த ரொட்டிப் பண்பாட்டை நாட்டின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது.

ஒரே நாட்டில் எப்படி இத்தனை வகை? மண்தான் காரணம். வடக்கிலும் கிழக்கிலும், பிராண்டன்பர்க், லோயர் சாக்சனி பக்கமெல்லாம், மணல் பாங்கான ஏழை மண், குளிரும் அதிகம். அங்கே கோதுமை அவ்வளவாக எடுக்காது. ரை என்கிற தானியம் அந்த மண்ணிலும் பனியிலும் தாக்குப்பிடித்து வளரும். தெற்கே போகப் போக கோதுமை வரும், ஸ்வாபியா பகுதியில் டிங்கெல் என்கிற பழைய கோதுமை இனமும் வரும். அதனால்தான் வடக்கே ரொட்டி கறுப்பு, தெற்கே வெளிர் நிறம். பல சிற்றரசுகளாகச் சிதறிக்கிடந்த நாடு அது, 1871-ல்தான் ஒரே நாடாக ஆனது. ஊருக்கு ஊர் ஆலை, அடுப்பு, வழக்கம் எல்லாம் வேறு, ரொட்டியும் வேறு. காலையில் சாப்பிடும் குட்டி பன்னுக்கே பெர்லினில் ஷ்ரிப்பே, ஹாம்பர்க்கில் ருண்ட்ஷ்டுக், பவேரியாவில் செம்மெல், ஸ்வாபியாவில் வெக்லே என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த ரை மாவு பயங்கர முரண்டு பிடிக்கும் மாவு. கோதுமை மாவைப் பிசைந்தால் இழுவை வரும், அந்த இழுவைதான் காற்றைப் பிடித்து வைத்து ரொட்டியை உப்ப வைக்கிறது. ரையில் அது கிடையாது. போதாக்குறைக்கு, அதிலுள்ள நொதிகள் அடுப்பில் வேகும்போதே மாவுச்சத்தைக் கரைத்துவிடும், அப்படியே விட்டால் ரொட்டி உள்ளே பிசின் மாதிரி ஆகிவிடும். இதற்கு வழி புளிக்க வைப்பது. புளிப்பு ஏறினால் அந்த நொதிகள் அடங்கிவிடும். நாம் தோசை மாவுக்குப் பழைய மாவில் கொஞ்சம் எடுத்து வைப்போமே, அதே மாதிரி அங்கே பேக்கரிக்காரர் ஒவ்வொரு நாளும் புளித்த மாவில் ஒரு பங்கை மறுநாளைக்கென்று ஒதுக்கி வைக்கிறார், அதற்கு ரை மாவும் தண்ணீரும் ஊட்டி வளர்க்கிறார். தலைமுறை தாண்டியும் அந்த மாவை விடாமல் வைத்திருப்பதாகச் சொல்லும் பேக்கரிகள் உண்டு.

ரை ரொட்டியின் உச்சம் பம்பர்நிக்கல். வெஸ்ட்ஃபாலியா வட்டாரத்துச் சொத்து. உடைத்த ரை தானியத்தை ஊறவைத்து, மூடிய பெட்டி அச்சில் அடைத்து, மிதமான சூட்டில் ஆவியிலேயே வேக வைக்கிறார்கள். எவ்வளவு நேரம் தெரியுமா? அந்தப் பெயரில் விற்க வேண்டுமென்றால் குறைந்தது 16 மணி நேரம் அடுப்பில் இருந்தாக வேண்டும், 24 மணி நேரம் வைப்பவர்களும் உண்டு. அவ்வளவு நேரத்தில் தானியத்தின் சர்க்கரை மெல்லக் கருகி, ரொட்டி முழுவதும் கறுத்து, தோலே இல்லாமல், இனிப்பும் லேசான கசப்புமாக வருகிறது. முறையாகச் செய்ததில் சாயம் எதுவும் கிடையாது. மெல்லியதாக அறுத்து வெண்ணெய் தடவி மேலே ஒரு துண்டு சீஸ் வைத்துச் சாப்பிட வேண்டும். முதல் தடவை வாயில் வைக்கும் நம்மவர்கள் பெரும்பாலும் முகம் சுளிப்பார்கள். விடாதீர்கள், நாலைந்து தடவை சாப்பிட்டால் பிடித்துவிடும்.

சரி, ரொட்டியை எப்போது சாப்பிடுகிறார்கள்? காலையில் சாப்பிடுகிறார்கள், ஆனால் முக்கியமான வேளை ராத்திரி. பழைய வழக்கப்படி அங்கே சூடான சாப்பாடு மதியம்தான். ராத்திரிக்கு அடுப்பே பற்ற வைப்பதில்லை. இதற்கு ஆபெண்ட்ப்ரோட் என்று பெயர், மாலை ரொட்டி. தொழிற்சாலைகள் பெருகி, மதியம் வேலையிடத்துக் கேண்டீனிலேயே சூடாகச் சாப்பிட்டுவிட்டு, வீட்டில் பெண்களும் வேலைக்குப் போக ஆரம்பித்த காலத்தில் இது நன்றாக வேரூன்றியது என்கிறார்கள். பவேரியாவில் இதே மாதிரிச் சாப்பாட்டுக்கு ப்ரோட்சைட் என்பார்கள், அங்கே அது எந்த நேரத்திலும் வரும்.

வெஸ்ட்ஃபாலியாவில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மா என்னை அடிக்கடி இதற்குக் கூப்பிடுவார். ஆறு மணிக்கே மேஜை தயார். ஆளுக்கொரு சின்ன மரப்பலகை, தட்டு கிடையாது, அந்தப் பலகைமேல்தான் சாப்பாடு. பலகை முழுக்க வருடக்கணக்கான கத்திக் கீறல்கள். நடுவில் ரொட்டி, வெண்ணெய், இரண்டு வகை சீஸ், சீவிய ஹாம், ஈரல் சாசேஜ், வினிகரில் ஊறிய வெள்ளரிக்காய், உப்பு தூவிய முள்ளங்கி, ஒரு கெட்டிலில் புதினாத் தேநீர். அவர் ரொட்டியை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு கத்தியைத் தன் பக்கமாக இழுத்து அறுப்பார், பார்க்க எனக்குப் பதறும். வெண்ணெயை விளிம்பு வரை ஓட்டை விழாமல் தடவ வேண்டும், அதில் அவருக்கு அவ்வளவு கறார். அப்புறம் ஒரு துண்டு முடிந்த பிறகுதான் அடுத்த துண்டு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பரப்பி வைத்துக்கொள்வது அங்கே நாகரிகம் இல்லை. யாரும் பரிமாற எழுந்து போவதில்லை, சமைத்தவர் சமையலறையில் நின்றபடி கடைசியில் சாப்பிடுவது என்பது அந்த மேஜையில் கிடையவே கிடையாது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் வெண்ணெயைத் தள்ளிவிட்டு, அன்றைக்கு நடந்ததைப் பேசுவார்கள். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பவே பிடித்தது. ஒரு வீட்டுப் பெண்ணை ராத்திரியில் அடுப்படியிலிருந்து விடுவிக்கும் சாப்பாட்டை ருசி குறைந்த சாப்பாடு என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

அந்த அம்மா மேஜையில் விழுந்த ரொட்டித் துகளைக்கூட உள்ளங்கையால் கூட்டி எடுப்பார். அந்தத் தலைமுறையில் பலரிடம் இந்தப் பழக்கத்தைப் பார்த்தேன். அதற்குப் பின்னால் பட்டினி இருக்கிறது. முதல் உலகப்போரில் பிரிட்டன் கடல் வழியை அடைத்ததும் ஜெர்மனியில் தானியம் தட்டுப்பாடானது. 1915-லேயே ரொட்டிக்கு ரேஷன் அட்டை வந்துவிட்டது, மாவில் உருளைக்கிழங்கைக் கலந்து சுட்டார்கள். 1916-ல் உருளைக்கிழங்கு விளைச்சலும் பொய்த்துப்போனது. அந்தக் குளிர்காலம் முழுக்க, மாட்டுக்குப் போடும் டர்னிப் கிழங்கையே சூப்பாகவும் கூட்டாகவும் ரொட்டியிலும் போட்டு மக்கள் தின்றார்கள். டர்னிப் குளிர்காலம் என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு 1946-47 குளிர்காலம் இன்னொரு பட்டினிக் காலம். மேற்கு ஜெர்மனியில் ரேஷன் 1950-ல்தான் முடிந்தது, கிழக்கு ஜெர்மனியில் 1958 வரை இழுத்தது. சிறுவயதில் இதைப் பார்த்தவர்கள்தான் நான் பழகிய அந்தப் பெரியவர்கள். காய்ந்த ரொட்டியைத் தூக்கிப் போட அவர்களுக்கு மனசே வராது. பவேரியாவில் காய்ந்த பன்னைச் சீவி, சூடான பாலில் ஊறவைத்து, முட்டையும் வெங்காயமும் பார்ஸ்லி இலையும் சேர்த்து உருண்டை பிடித்து வெந்நீரில் வேக வைப்பார்கள், செம்மெல்க்னோடெல் என்று. காளான் குழம்போடு அதைச் சாப்பிட்டால், பழைய பன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பீரைப் பற்றிப் பேசினாலும் ரொட்டியில் வந்துதான் நிற்கும். 1516-ல் பவேரியாவை ஆண்ட டியூக்குகள் இங்கோல்ஷ்டாட் நகரில் போட்ட பீர்ச் சட்டம் உலகப் பிரசித்தம்: பீரில் பார்லி, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ, தண்ணீர் தவிர வேறு எதுவும் சேர்க்கக்கூடாது. அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, கோதுமையும் ரையும் ரொட்டிக்கு மிஞ்ச வேண்டும் என்பது. பீரும் ரொட்டியும் சேர்ந்த இன்னொரு சம்பவம் 1812-ல் நடந்தது. மியூனிக்கில் பீர் காய்ச்சுபவர்கள் கோடையில் தங்கள் நிலவறைத் தோட்டங்களிலேயே பீர் விற்கலாம் என்று பவேரிய மன்னர் அனுமதி கொடுத்தார், ஆனால் ரொட்டியைத் தவிர வேறு சாப்பாடு விற்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். சுற்றியிருந்த சாப்பாட்டுக் கடைக்காரர்களின் பிழைப்பு கெடக்கூடாதே. மக்கள் என்ன செய்தார்கள்? வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் பவேரியாவில் மரபான பீர்த் தோட்டத்துக்கு உங்கள் சாப்பாட்டை நீங்களே கூடையில் எடுத்துப் போகலாம், பீரை மட்டும் அங்கே வாங்கினால் போதும். நீள மேஜையில் முன்பின் தெரியாதவர் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காரலாம். கோப்பையைத் தட்டும்போது எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்க்க வேண்டும், இது முக்கியம்.

மியூனிக்கின் வைஸ்வூர்ஸ்ட் என்கிற வெள்ளை சாசேஜுக்கும் துணை ஒரு ரொட்டிதான். 1857-ல் மரியன்பிளாட்ஸ் சதுக்கத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் பிறந்தது என்று ஊர்க்கதை. கன்றுக்குட்டி இறைச்சி, பன்றிக் கொழுப்பு, பார்ஸ்லி, எலுமிச்சை. புகை போட்டுப் பதப்படுத்தாததால் குளிர்பெட்டி இல்லாத காலத்தில் சீக்கிரம் கெட்டுவிடும், அதனால் பகல் 12 மணி அடிப்பதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று வழக்கம். கொதிக்காத வெந்நீரில் சூடாக்கி, இனிப்புக் கடுகு விழுதோடும் ப்ரெட்செல் என்கிற முடிச்சு வடிவ ரொட்டியோடும் தருவார்கள். அந்த ப்ரெட்செலின் செம்பழுப்பு நிறமும் தனி வாசனையும், அடுப்பில் வைக்கும் முன் காஸ்டிக் சோடா கரைசலில் முக்கி எடுப்பதால் வருவது. வீட்டில் செய்பவர்கள் கையுறை போடாமல் அதைத் தொடவே கூடாது.

வசந்த காலத்தில் வெள்ளை ஆஸ்பாரகஸுக்காக நாடே காத்திருப்பதையும், ஜூன் 24-ஓடு அதை அறுப்பதை நிறுத்திவிடுவதையும், வடக்கே உறைபனி விழுந்த பிறகு கேல் கீரைக்காக ஊரே நடைப்பயணம் போவதையும் பற்றித் தனியாகவே ஒரு உரை பேசலாம். இன்றைக்கு நேரம் போதாது.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது ஒன்றுண்டு. 1950-களில் மேற்கு ஜெர்மனியில் மட்டும் 50,000-க்கும் மேல் கைவினை பேக்கரிகள் இருந்தன. இப்போது முழு ஜெர்மனியிலும் சேர்த்து 10,000-க்கும் கீழே போய்விட்டது. நள்ளிரவு தாண்டி எழுந்து மாவு பிசைய இளையவர்கள் வருவதில்லை, அடுப்புக்கான மின்சாரமும் எரிவாயுவும் விலை ஏறிவிட்டது, சூப்பர் மார்க்கெட்டில் உறைய வைத்த மாவை எந்திரத்தில் சுட்டு பாதி விலைக்குத் தருகிறார்கள். அது சூடாக இருக்கும்போது நன்றாகத்தான் இருக்கும், சாயங்காலத்துக்குள் ரப்பர் ஆகிவிடும். முறையாகப் புளிக்க வைத்த ரை ரொட்டியோ இரண்டாம் நாள் இன்னும் ருசிக்கும், ஒரு வாரம் தாங்கும். நேரம் கொடுத்துச் செய்த பொருளுக்கும் அவசரத்தில் செய்ததற்கும் உள்ள வித்தியாசம் நாக்கிலேயே தெரிகிறது, அதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அங்கே இளம் பேக்கரிக்காரர்கள் சிலர் பிடிவாதமாக நிற்கிறார்கள். அவர்கள் கடையில் வாங்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.

படிக்கவோ வேலைக்கோ ஜெர்மனி போகிறவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்கு ஒரு யோசனை. நேரே பம்பர்நிக்கலில் ஆரம்பிக்க வேண்டாம். தெருமுனை பேக்கரியில் மிஷ்ப்ரோட் என்று கேளுங்கள், ரையும் கோதுமையும் கலந்தது, புளிப்பு மிதமாக இருக்கும். அரை ரொட்டி போதும் என்றாலும் அறுத்துக் கொடுப்பார்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், காய்ந்துவிடும். அறுத்த பக்கம் கீழே இருக்கும்படி பலகைமேல் கவிழ்த்து, துணியால் மூடி வையுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம், வெண்ணெயும் சீஸும் முள்ளங்கியும் போதும், நம் எலுமிச்சை ஊறுகாயும் அதன்மேல் அருமையாக இருக்கும், நான் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை பேக்கரி திறந்திருந்தாலும் காலையில் சில மணி நேரம்தான்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.