எட்டு ஓட்டுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

1980 மே 4, ஞாயிற்றுக்கிழமை. இன்று இல்லாத யூகோஸ்லாவியா நாட்டின் கடலோர நகரமான ஸ்ப்ளிட்டில் கால்பந்து ஆட்டம். அந்த நாட்டுக்குள் இருந்த குரோஷியாவின் ஹஜ்டுக் அணியும் செர்பியாவின் ரெட் ஸ்டார் அணியும் ஆடிக்கொண்டிருக்கும்போதே ஆட்டத்தை நிறுத்தினார்கள். நாட்டின் அதிபர் டிட்டோ இறந்துவிட்டார் என்று அறிவிப்பு. நேரு, நாசரோடு ஒரே படத்தில் நிற்பாரே, அந்த டிட்டோதான். இரு அணி ஆட்டக்காரர்களும் மைதானத்திலேயே அழுதார்கள். அரங்கமே அவர் பெயரைச் சொல்லிப் பாடியது.

பத்து வருஷம் கழித்து, 1990 மே 13. குரோஷியாவின் ஸாக்ரெப் நகரில் டினமோ அணிக்கும் அதே ரெட் ஸ்டாருக்கும் ஆட்டம். ரசிகர்கள் இருக்கைகளைப் பிடுங்கி எறிந்து அடித்துக்கொண்டார்கள். டினமோ வீரர் போபன் ஒரு போலீஸ்காரரை எட்டி உதைத்தார். செர்பியர்களின் போலீசுக்கு விழுந்த உதை என்று குரோஷியர்களுக்குக் கொண்டாட்டம். உதை வாங்கியவரோ போஸ்னிய முஸ்லிம்!

நடுவில் என்ன ஆயிற்று? ஜென்மப் பகை, டிட்டோ போனதும் பொங்கிவிட்டது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டாம் உலகப் போரில் செர்பியர்களும் குரோஷியர்களும் ஒருவரையொருவர் கொன்று குவித்தது உண்மைதான். ஆனால் 1981 கணக்கெடுப்பில், இனத்தைக் கேட்டபோது, 12 லட்சம் பேர் 'யூகோஸ்லாவியர்' என்றே எழுதிக்கொடுத்தார்கள்.

டிட்டோவுக்குப் பிறகு நாட்டின் தலைமை எட்டுப் பேர் குழுவிடம் வந்தது. ஆறு குடியரசுகள், செர்பியாவுக்குள் கொசோவோ, வொய்வோதினா என்ற இரண்டு தன்னாட்சி மாகாணங்கள், ஆளுக்கு ஓர் ஓட்டு. தலைவர் பதவி ஆண்டுக்கு ஒருவராகச் சுற்றிவரும். கஜானாவிலோ கடன், சுமார் 2,000 கோடி டாலர். விலைவாசி எகிற எகிற, ஆளும் கம்யூனிஸ்ட் கட்சி பேசிய சோஷலிசத்தைக் கேட்க ஆளில்லை. கட்சிக்காரர்களுக்குப் பேச வேறு விஷயம் தேவைப்பட்டது. இனம் கிடைத்தது.

அதை முதலில் மோப்பம் பிடித்தவர் செர்பியக் கட்சிக்காரர் மிலோஷெவிச், முன்னாள் வங்கி அதிகாரி. அல்பேனியர்கள் பெரும்பான்மையாக வாழும் கொசோவோவுக்கு 1987 ஏப்ரலில் போனார். போலீஸ் அடிப்பதாக முறையிட்ட செர்பியர்களிடம், உங்களை யாரும் அடிக்கக் கூடாது என்றார். தொலைக்காட்சி அதைத் திரும்பத் திரும்பக் காட்டியது. ஆள் தலைவராகிவிட்டார். அப்புறம் கூட்டம் திரட்டி வொய்வோதினா, மொண்டினீக்ரோ தலைமைகளை இறக்கினார். 1989இல் கொசோவோவின் தன்னாட்சியைப் பறித்தார். தன்னாட்சிதான் போயிற்று, கொசோவோவின் ஓட்டை மட்டும் விடவில்லை. செர்பியா, மொண்டினீக்ரோ, இரண்டு மாகாணங்கள் என்று எட்டில் நான்கு அவர் பையில்!

ஸ்லோவேனியர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 1990 ஜனவரியில் கட்சி மாநாட்டிலிருந்து எழுந்து போனார்கள். குரோஷியர்களும் பின்னாலேயே போனார்கள். குரோஷியாவில் துஜ்மன் தன் பங்குக்கு அதே இன மேளத்தை அடித்துத் தேர்தலில் ஜெயித்தார். 1991 மே மாதம் குழுத் தலைவர் பதவி குரோஷியாவின் மெசிச்சுக்கு வர வேண்டிய முறை. அந்த நான்கு ஓட்டுகள் மறித்தன. ஜூன் 25 அன்று ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் பிரிந்துபோவதாக அறிவித்தன.

பிறகு போர். போஸ்னியாவின் தலைநகர் சரயேவோ நான்கு ஆண்டுகளுக்குச் சற்றே குறைவாக முற்றுகையில் கிடந்தது. 1995 ஜூலையில் அதே போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள்.

மொழியும் பிரிந்தது. செர்போ-குரோஷிய மொழி என்று பள்ளியில் படித்தது இன்று நான்கு பெயர்களில் இருக்கிறது. ரொட்டிக்கு 'க்ரூஹ்' என்றால் குரோஷியர், 'ஹ்லெப்' என்றால் செர்பியர். போஸ்னியாவில் சிகரெட் பெட்டியில் 'புகை பிடித்தல் கொல்லும்' என்று மூன்று மொழிகளில் அச்சடித்தார்கள். முதல் இரண்டு வரிகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. மூன்றாவதும் அதே சொற்கள்தான், ரஷ்ய மொழிக்கு உள்ளதைப் போன்ற சிரிலிக் எழுத்தில்.

நன்றி, வணக்கம்.