முதலை எஞ்சினும் மாரிக்கால ஈரமும்

நேயர்களுக்கு வணக்கம்.

மட்டக்களப்பு நிலையத்துக்கு வரும் கோச்சி டீசலில் ஓடுகிறது. தண்டவாளத்துக்கு மேலே மின்கம்பி இல்லை. இருந்தாலும் பழைய மின்சார எஞ்சின்களின், ஓடக்கூடிய சின்ன மாதிரிகள் இந்தப் பக்க வீடுகளுக்கு வந்துசேர வழி உண்டு. சுவிஸிலும் ஜேர்மனியிலும் இருக்கிற சொந்தக்காரர் லீவுக்கு வரும்போது கொண்டுவந்து தருவார்கள். அப்படிக் கிடைத்த ஒன்றை வாவிக்கரை ஈரத்தில் கெடாமல் வைத்து ஓட்டுவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

சேகரிப்பவர்கள் ஆசையோடு தேடுவது சுவிற்சர்லாந்தின் 'முதலை' எஞ்சினை. முதலாம் உலகப்போர்க் காலத்தில் நிலக்கரித் தட்டுப்பாட்டால் தவித்த அந்த நாடு, கொத்தார்ட் மலைப்பாதையை மின்சாரத்துக்கு மாற்றும் வேலையை விரைவுபடுத்தியது. அந்தப் பாதையின் சரக்கு வண்டிகளுக்கென 1919 முதல் இரண்டு வகையாகக் கட்டப்பட்டது இது. இரண்டு வகையிலும் சேர்த்து 51 எஞ்சின்கள். நடுவில் பாரமான ட்ரான்ஸ்போமரும் ஓட்டுநர் அறைகளும். முன்னும் பின்னும் நீண்ட மூக்குகளுக்குள் மோட்டர்கள். மூன்று துண்டாக இருப்பதால் வளைவில் உடம்பை மடித்துப் போகும். கம்பியில் 15,000 வோல்ற் ஆடலோட்டம், அதாவது ஏசி மின்சாரம், செக்கனுக்கு 16⅔ சுற்று. வீட்டு மின்சாரத்தைப்போல 50 சுற்று கொடுத்தால், அந்தக் கால மோட்டர்களின் பிறஷ்களில், அதாவது சுழலும் பகுதிக்கு உரசி மின்சாரம் கொடுக்கும் காபன் துண்டுகளில், தீப்பொறி கட்டுக்கடங்காமல் பறந்திருக்கும்.

ஜேர்மனியின் மார்க்லின் விளையாட்டு ரயில் கம்பனி இதை 1947இல் எச்ஓ அளவில், அதாவது 87இல் ஒரு பங்காக வெளியிட்டது. 19 மீற்றருக்கு மேல் நீளமான எஞ்சின் சுமார் 22 சென்ரிமீற்றராகக் கைக்குள் வந்துவிடுகிறது. எச்ஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர். நம் நாட்டிலும் இந்தியாவிலும் உள்ள அகலப்பாதையின் 1676 மில்லிமீற்றரை 87ஆல் வகுத்தால் 19.3 வரும். ஆகவே பம்பாய் மலைப்பாதையில் ஓடிய, இதே வடிவமுள்ள இந்திய முதலையை இந்த அளவில் செய்து சாதாரண எச்ஓ தண்டவாளத்தில் வைத்தால், சில்லுகள் ஒடுங்கித்தான் தெரியும்.

கையில் கிடைத்ததும் கறன்ற் கொடுத்துவிடாதீர்கள். முதலில் கவிழ்த்துப் பாருங்கள். வயிற்றில் நீளமான சறுக்குத் தகடு இருந்தால் அது மார்க்லின் ஆடலோட்ட வகை. 16 வோல்ற் வரை எடுக்கும், 24 வோல்ற் அதிர்வு கொடுத்தால் திசை மாறும். தகடு இல்லாவிட்டால் பெரும்பாலும் 12 வோல்ற் நேரோட்டம், அதாவது டிசி. மல்ரிமீற்றரைத் தடை அளக்கும் நிலையில் வைத்து இடது சில்லுக்கும் வலது சில்லுக்கும் இடையே தொட்டுப் பாருங்கள். பூச்சியம் காட்டினால் இரட்டைத் தண்டவாள நேரோட்டப் பாதையில் வைக்கவே கூடாது, ஷோர்ட் ஆகும். நேரோட்ட மோட்டருக்கு ஆடலோட்டம் கொடுத்தால் அது ஓடாது. உறுமிச் சூடாகிக் கருகும். எஞ்சினோடு வந்த பழைய தகர ட்ரான்ஸ்போமரை மட்டும் பாவிக்கவேண்டாம். அதன் வயர் உறை வெடித்திருக்கும். அது 220 வோல்ற்றுக்குச் செய்தது, நமது மின்சாரமோ 230.

அடுத்தது உலோகம். உடம்பு பெரும்பாலும் நாகக் கலப்புலோக வார்ப்பு. வார்க்கும்போது சிறிதளவு ஈயம் கலந்துவிட்டால், பல வருடங்களுக்குப் பிறகு உள்ளிருந்தே வீங்கி வெடிக்கும். இரண்டாம் உலகப்போருக்கு முந்திய மாதிரிகளில் இது அதிகம். சூடும் ஈரமும் அதை வேகப்படுத்தும். பெயின்றுக்குக் கீழே மயிர்க்கோடுகள் ஓடினாலோ, மூடி அடிச்சட்டத்தில் உட்காராவிட்டாலோ வாங்கவேண்டாம். அதற்கு மருந்து இல்லை.

ஓடவைத்ததும் முதலை நொண்டுகிறதா என்று பாருங்கள். 4, 5 வோல்ற்றில் மெதுவாக ஓட்டும்போது சில்லு ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் திக்கினால், குற்றம் மோட்டரில் இல்லை, சில்லுகளை ஒன்றோடொன்று பூட்டும் இணைப்புத் தண்டுகளில். இடது சில்லில் தண்டு பூட்டிய ஊசி உச்சியில் நிற்கும்போது வலது சில்லின் ஊசி 90 பாகை விலகி நிற்க வேண்டும். யாராவது சில்லை இழுத்துக் கழற்றியிருந்தால் அந்தக் கோணம் தவறியிருக்கும். தண்டுகளைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். சீராக ஓடினால் சந்தேகம் தீர்ந்தது. தண்டைக் கண்ணாடித் துண்டின்மேல் படுக்கவைத்தால் வளைவும் தெரிந்துவிடும். தண்டின் துளையை அரத்தால் அகலமாக்குவது மட்டும் பெரும் பிழை. திக்குவது நிற்கும், ஆனால் எஞ்சின் காலமெல்லாம் ஆடிக்கொண்டே ஓடும். சில்லைக் கோணம் பார்த்துத் திருப்பிப் பூட்டுவதே சரி.

பழைய கிறீஸ் பிசினாக இறுகியிருக்கும். ஐசோபுரோபைல் அற்ககோலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள், பெயின்றில் படவிடாதீர்கள். பிறகு மெல்லிய மெசின் எண்ணெயை ஊசிமுனையால் அச்சுக்கு ஒரு துளி. தேங்காயெண்ணெய் வேண்டாம், அது தடித்து ஒட்டும். மோட்டரில் பிறஷ்கள் உரசும் செப்புத் துண்டு வளையமான கொமியூட்டேற்றரில் எண்ணெய் படவே கூடாது: காபன் தூளோடு சேர்ந்து சேறாகி இடுக்குகளை நிரப்பும், மோட்டர் எரியும். அந்த இடுக்குகளைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டலாம். சில்லுக்கு மண்கடதாசி வேண்டாம்; கீறல்களில்தான் அழுக்குத் தங்கும்.

எஞ்சினோடு வந்த பழைய ஸ்பொஞ்சைக் கழற்றி எறியுங்கள், நமது வெக்கையில் அது கரைந்து பெயின்றில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளை மெல்லிய கடதாசியில் சுற்றி, இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானதும் 120 பாகை செல்சியஸ் அவணில் இரண்டு மணித்தியாலம் காயவைத்தால் திரும்ப நீலமாகும். மாரியில் வாரம் ஒருமுறையாவது மணிகளின் நிறத்தைப் பாருங்கள். மாதம் ஒருமுறை எஞ்சினை எடுத்து ஐந்து நிமிடம் முன்னுக்கும் ஐந்து நிமிடம் பின்னுக்கும் ஓட்டுங்கள். மேலே மின்கம்பியைத் தொடுவதற்காகக் கூரையிலிருக்கும் கையான பான்ரோகிராபை மடித்துவிட்டே திரும்ப மூடுங்கள். அதன் ஸ்பிரிங் மயிரளவு மெல்லியது, துரு முதலில் பிடிப்பது அங்கேதான்.

வணக்கம்.