18 கிராம் சர்க்கரை: நுரைக்கும் வைன் உருவாகும் விதம்

நேயர்களுக்கு வணக்கம்.

முக்கால் லிட்டர் ஷாம்பெயின் பாட்டில் ஒன்றில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை முழுதாகப் பிடித்து அளந்தால், சுமார் 5 லிட்டர் தேறும். பாட்டிலின் கொள்ளளவைப் போல ஆறு மடங்குக்கும் மேல். கோலி சோடாவில் வாயுவை வெளியிலிருந்து அழுத்தி ஏற்றுகிறார்கள். ஷாம்பெயினில் அப்படி எதுவும் ஏற்றப்படுவதில்லை. மூடிய பாட்டிலுக்குள் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று உண்டாக்கியதுதான் அத்தனை வாயுவும். அதற்காக ஒரு பாட்டிலுக்குள் போகும் சர்க்கரை 18 கிராம்; நான்கைந்து தேக்கரண்டி. இந்தச் சர்க்கரையை அளந்து போடுவது எப்படி, உள்ளே நடப்பது என்ன, வேலை முடிந்த ஈஸ்ட்டை வாயு போகாமல் வெளியே எடுப்பது எப்படி என்பதையே இன்று பேசப் போகிறேன்.

பாரிஸுக்கு வடகிழக்கே, ரெய்ம்ஸ், எப்பர்னே நகரங்களைச் சுற்றியிருப்பது ஷாம்பெயின் பகுதி. குளிர் பிரதேசம், அடியில் வெண்சுண்ணப் பாறை. பெரும்பாலும் பயிராவது மூன்று திராட்சை வகைகள்: பினோ நுவார், மெனியே, ஷார்டொனே. முதல் இரண்டும் கறுப்புத் திராட்சை. அவற்றின் நிறம் தோலில்தான் இருக்கிறது. சாறு வெளுப்பாகவே இருக்கும். ஆகவே பழம் நசுங்காமல் ஆலைக்கு வந்து சேர வேண்டும். இங்கே அறுவடைக்கு இயந்திரம் கூடாது, முழுக் கொத்தாகக் கையால் வெட்ட வேண்டும் என்று விதி இருப்பதற்குக் காரணம் இதுதான். பிழிவதற்கும் கணக்கு உண்டு. 4,000 கிலோ பழத்திலிருந்து 2,550 லிட்டர் சாறுக்கு மேல் எடுக்கக் கூடாது. அதிலும் முதலில் வரும் 2,050 லிட்டர்தான் உயர்தரம். அடுத்து வரும் 500 லிட்டரில் புளிப்பு குறைந்து, தோலின் சாரம் கூடியிருக்கும்.

இந்தச் சாறு தொட்டியில் சாதாரண வைனாக நொதிக்கிறது. அதை அடிப்படை வைன் என்போம். அப்படியே குடித்தால் பல் கூசும் அளவுக்குப் புளிக்கும். ஆல்கஹால் 11 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். பாட்டிலுக்குள் நடக்கும் இரண்டாம் நொதித்தல் இன்னும் ஒன்றேகால் சதவீதம் ஆல்கஹாலைச் சேர்க்கும். தொடக்கத்திலேயே 13 சதவீதம் இருந்துவிட்டால் ஈஸ்ட்டால் உள்ளே வேலை செய்ய முடியாது, பானமும் கனத்துப் போகும். நன்றாகப் பழுத்த பழம் வேறு வைன்களுக்கு வரம். இங்கே அது இடைஞ்சல்.

அடிப்படை வைனைப் பாட்டிலில் அடைப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, திராட்சையிலேயே இருக்கும் டார்ட்டாரிக் அமிலத்தின் உப்பு. வைனைத் தண்ணீரின் உறைநிலைக்கும் கீழே, மைனஸ் 4 டிகிரி அளவுக்குச் சில நாள் குளிரவைத்து, அந்த உப்பைப் படிகமாக்கி வடிகட்டிவிட வேண்டும். இதைச் சரியாகச் செய்யாமல் விட்டால், படிகங்கள் பின்னால் பாட்டிலுக்குள் உருவாகும். ஒவ்வொரு படிகமும் குமிழி பிறக்கும் முனையாகிவிடும். திறந்த நொடியில் பாதி வைன் தரையில் கிடப்பதற்கு இது முக்கியமான ஒரு காரணம். இரண்டாவது, மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றும் பாக்டீரியா. அதைத் தொட்டியிலேயே வேலை செய்ய விட்டு முடிக்கலாம், அல்லது தொடங்கவே விடாமல் தடுக்கலாம். எந்த வழியானாலும் சரி, பாட்டிலுக்குள் அது தொடங்கக் கூடாது. தொடங்கினால் வைன் கலங்கும், அந்தக் கலங்கலை வெளியே எடுப்பதும் கடினம்.

பிறகு கலவை. பல தோட்டங்களின் வைனையும், முந்தைய ஆண்டுகளிலிருந்து ஒதுக்கிவைத்த வைனையும் சேர்த்து ஒரே சுவையை ஆண்டுதோறும் நிலைநிறுத்துவது பெரிய கலை. ஓவில்லே மடத்தில் 1668 முதல் 1715 வரை பண்டசாலைப் பொறுப்பில் இருந்த துறவி தோம் பெரிஞோனின் உண்மையான சாதனை இந்தக் கலவையும் பிழிதலும்தான். குமிழியைக் கண்டுபிடித்தவர் என்று அவரைச் சொல்வது தவறு. அவர் காலத்தில் குமிழி ஒரு கோளாறு. அதைத் தவிர்க்கவே பாடுபட்டார்கள். வைனில் சர்க்கரை சேர்த்து நுரைக்கச் செய்யும் வழக்கத்தை 1662இலேயே லண்டன் ராயல் சொசைட்டியில் எழுதி வாசித்தவர் கிறிஸ்டோபர் மெரெட் என்ற ஆங்கிலேயர். நிலக்கரி உலையில் செய்த ஆங்கிலேயக் கண்ணாடிக்கு அந்த அழுத்தத்தைத் தாங்கும் வலு இருந்தது.

ஆனாலும் எவ்வளவு சர்க்கரை போடுவது என்று நெடுங்காலம் யாருக்கும் தெரியவில்லை. அளவு கூடினால் பாட்டில் வெடிக்கும். ஒன்று வெடித்தால் பக்கத்திலிருப்பதும் சேர்ந்து வெடிக்கும். நிலவறைத் தொழிலாளர்கள் இரும்பு முகமூடி அணிந்து வேலை செய்த காலம் அது. ஷாலோன் நகரத்து மருந்தாளுநர் ஜான்-பாப்டிஸ்ட் பிரான்சுவா, வைனில் ஏற்கெனவே மிச்சமிருக்கும் சர்க்கரையை அளந்து, சேர்க்க வேண்டியதைக் கணக்கிடும் முறையை 1836இல் வெளியிட்டார். தொழில் நிமிர்ந்து நின்றது அதன் பிறகுதான். இன்றைய கணக்கு எளிது. லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை ஏறக்குறைய 1 பார், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்துக்கு ஒப்பான அழுத்தம் தரும். 6 பார் வேண்டுமானால் லிட்டருக்கு 24 கிராம். முக்கால் லிட்டர் பாட்டிலுக்கு 18 கிராம். இதைத் தாங்குவதற்காகத்தான் ஷாம்பெயின் பாட்டில் வெறும் கண்ணாடியாகவே 835 கிராம் எடை இருக்கிறது.

சர்க்கரையைவிடச் சிக்கலானது ஈஸ்ட். கலவையைப் பற்றிப் பலரும் பெருமையாகப் பேசுவார்கள். என்னைக் கேட்டால், முழுச் சரக்கையும் காப்பாற்றுவதோ கெடுப்பதோ ஈஸ்ட்டைத் தயார்செய்யும் அந்த மூன்று நாள்தான். அது போக வேண்டிய இடத்தை எண்ணிப் பாருங்கள். 11 சதவீத ஆல்கஹால், கடும் புளிப்பு, குளிர், ஊட்டம் இல்லை, காற்று இல்லை, நாளாக ஆக ஏறும் அழுத்தம். காய்ந்த ஈஸ்ட்டை நேராக அதில் கொட்டினால் பெரும்பகுதி செத்துவிடும். அதனால் முதலில் 35 முதல் 40 டிகிரி வெந்நீரில் ஊறவைத்து, சர்க்கரை கலந்த தண்ணீரில் எழுப்பி, அதில் அடிப்படை வைனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே வர வேண்டும். காற்றோட்டமும் ஊட்டமும் கொடுத்து, வெப்பத்தைப் படிப்படியாக இறக்கி, ஈஸ்ட்டை ஆல்கஹாலுக்குப் பழக்கிய பிறகே மொத்த வைனில் கலக்கிறார்கள். ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து லட்சத்திலிருந்து இருபது லட்சம் செல்கள் இருக்க வேண்டும். குறைந்தால் நொதித்தல் பாதியில் நின்றுவிடும். கூடினால் வண்டல் பெருகி வைனில் ஈஸ்ட் வாடை ஏறும். வைன் கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தக டை ஆக்சைடு மிஞ்சியிருந்தாலும் ஈஸ்ட் எழாது.

இத்துடன் பெண்டோனைட் என்ற களிமண்ணையும் சிறிதளவு சேர்ப்பார்கள். பின்னால் வண்டல் கண்ணாடியில் ஒட்டாமல் திரண்டு இறங்க இது உதவும். பிறகு பாட்டிலில் நிரப்பி, குளிர்பான பாட்டில்களில் வரும் அதே கிரவுன் மூடியைப் போடுகிறார்கள். மூடிக்கு அடியில் வண்டலைப் பிடித்துக்கொள்ள ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பி இருக்கும். நிலவறையில் பாட்டில்களைப் படுக்கவைத்து அடுக்குகிறார்கள். 10 முதல் 12 டிகிரி வெப்பத்தில் நொதித்தல் ஆறிலிருந்து எட்டு வாரம் நீளும். இடையிடையே மூடியைத் துளைக்கும் ஊசியுள்ள அழுத்தமானி ஒன்றைக் குத்திப் பார்ப்பது வழக்கம். 3 பாரில் முள் அசையாமல் நின்றுவிட்டால், உள்ளே இனிப்பு மிச்சம், ஈஸ்ட் ஓய்ந்துவிட்டது என்று பொருள். அதற்கு வெளியிலிருந்து மருந்து கிடையாது. மூடிகளைத் திறந்து வைனை ஊற்றியெடுத்து, புது ஈஸ்ட்டுடன் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சர்க்கரை தீர்ந்ததும் ஈஸ்ட் இறந்து வண்டலாகப் படிகிறது. அதை உடனே எடுத்துவிடுவதில்லை. சில மாதங்களில் செத்த செல்கள் தம் சொந்த நொதிகளாலேயே சிதையத் தொடங்கும். அவற்றின் சுவர்களிலிருந்து மானோபுரதங்கள் எனும் சர்க்கரை சேர்ந்த புரதங்களும், உள்ளிருந்து அமினோ அமிலங்களும் வைனில் கரையும். ஷாம்பெயினில் வரும் சுட்ட ரொட்டி வாசமும், நாக்கில் தெரியும் வழவழப்பும் இதனால்தான். பாட்டிலில் அடைத்தபின் குறைந்தது 15 மாதம் நிலவறையில் இருக்க வேண்டும், அதில் 12 மாதம் வண்டலோடு இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரே ஆண்டின் அறுவடை என்று ஆண்டு குறித்து விற்பதற்கு 3 ஆண்டு.

அடுத்தது வண்டலை வெளியேற்றுவது. வடிகட்டலாமே என்று தோன்றும். ஆனால் பாட்டிலைத் திறந்தால் வாயு போய்விடும். வூவ் கிளிக்கோ நிறுவனத்தை நடத்திய மேடம் கிளிக்கோவின் நிலவறையில் 1816 வாக்கில் உருவான தீர்வு, துளையிட்ட பலகை. அதில் பாட்டில் கழுத்தைச் செருகி, தினமும் சின்னதாக ஒரு உலுக்கு, எட்டில் ஒரு பங்கு திருப்பு, கொஞ்சம் கூடுதலாகத் தலைகீழாகச் சாய்ப்பு. நான்கிலிருந்து ஆறு வாரத்தில் வண்டல் முழுவதும் கழுத்துக்கு இறங்கிவிடும். கைதேர்ந்தவர் ஒரே நாளில் 40,000 பாட்டில்களைத் திருப்புவார். இன்று பெரும்பகுதியை, 504 பாட்டில் கொண்ட இரும்புக் கூண்டுகளை அசைக்கும் இயந்திரம் ஒரே வாரத்தில் முடித்துவிடுகிறது. இயந்திரத்தால் தரம் குறைவதில்லை. கையால் திருப்பியதென்று கூடுதல் விலை சொன்னால் அது உழைப்புக்கான விலை, சுவைக்கானதல்ல.

பாட்டிலை 7 டிகிரி அளவுக்குக் குளிரவைத்து, தலைகீழாகவே கழுத்தை மைனஸ் 27 டிகிரி கரைசலில் முக்குகிறார்கள். கழுத்தில் இருப்பது வண்டலோடு சேர்ந்து பனிக்கட்டியாக உறையும். நிமிர்த்தி மூடியைத் திறந்தால், உள்ளிருக்கும் அழுத்தமே கட்டியை வெளியே தள்ளிவிடும். குளிர்ந்த திரவம் வாயுவை இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பதால் இழப்பு கொஞ்சம்தான்.

கட்டியோடு வெளியேறிய வைனை ஈடுகட்டச் சேர்ப்பது வைனில் கரைத்த சர்க்கரைப் பாகு. லிட்டருக்கு 600 கிராம் சர்க்கரையுள்ள பாகில் 10 மில்லி ஊற்றினால் பாட்டிலுக்கு 6 கிராம், அதாவது லிட்டருக்கு 8 கிராம் இனிப்பு. அது ப்ரூட் வகை. லிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே ப்ரூட். 12 முதல் 17 வரை எக்ஸ்ட்ரா ட்ரை. 32 முதல் 50 வரை டெமி செக். இனிப்பே வேண்டாம் என்பவர் எக்ஸ்ட்ரா ட்ரை வாங்கினால் ஏமாறுவார். அது ப்ரூட்டைவிட இனிப்பு. அவர் தேட வேண்டியது 3 கிராமுக்குக் கீழுள்ள ப்ரூட் நாச்சுர். ஈஸ்ட் வெளியேறிவிட்டதால் இந்தச் சர்க்கரை மறுபடி நொதிப்பதில்லை. பிறகு 31 மில்லிமீட்டர் விட்டமுள்ள கார்க்கை 18 மில்லிமீட்டருக்குள் இறுக்கிச் செருகி, கம்பிக்கூட்டால் கட்டுகிறார்கள்.

எல்லா நுரைக்கும் வைனுக்கும் இவ்வளவு வேலை தேவையில்லை. இத்தாலியின் ஃபெடெரிகோ மார்டினோட்டி 1895இல் காப்புரிமை பெற்று, பிரான்சின் யூஜீன் ஷார்மா 1907இல் மேம்படுத்திய முறையில், இரண்டாம் நொதித்தல் அழுத்தம் தாங்கும் பெரிய தொட்டியில் நடக்கும். அழுத்தம் குறையாமலே வடிகட்டி பாட்டிலில் அடைப்பார்கள். க்ளேரா திராட்சையில் செய்யும் ப்ரொசெக்கோ பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. இதை மட்டமான முறை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. க்ளேராவின் பேரிக்காய், பூ வாசத்தை ஆண்டுக்கணக்கில் வண்டலோடு வைத்தால் கெட்டுப்போகும். இத்தாலியின் இன்னொரு நுரைக்கும் வைனான ஆஸ்தியின் முறை இன்னும் சுருக்கம். மஸ்கட் சாறு ஒரே ஒரு முறை தொட்டியில் நொதிக்கும்; ஆல்கஹால் 7 சதவீதத்தை நெருங்கும்போது குளிரவைத்து நிறுத்திவிடுவார்கள், சாறின் சொந்த இனிப்பு மிஞ்சும். நம் கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சை, அதாவது மஸ்கட் ஹாம்பர்க், இந்த ஆஸ்தி மஸ்கட்டின் பேரன் முறை. அந்த வாசம் இரண்டிலும் ஒரே குடும்பத்துச் சொத்து.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். நிறமற்ற கண்ணாடி பாட்டில் கடை விளக்கின் கீழ் நாள்கணக்கில் நின்றிருந்தால் வேண்டாம். ஒளி பட்டால் வைனிலுள்ள ரைபோஃப்ளேவின் என்ற வைட்டமின் கிளர்ந்து, கந்தகமுள்ள அமினோ அமிலத்தைச் சிதைக்கும். வெந்த முட்டைக்கோஸ் நாற்றம் வரும்.

திறப்பதற்கு முன் 8 முதல் 10 டிகிரிக்குக் குளிரவையுங்கள். ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் அரை மணி நேரம் போதும். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் நேரமாகும். பாட்டில் குளிர்ந்திருந்தாலும் கார்க்கை உள்ளிருந்து தள்ளும் விசை பத்துப் பன்னிரண்டு கிலோ எடைக்குச் சமம். கண்ணில் பட்டால் பார்வை போகும். கம்பியைத் தளர்த்தத் தொடங்கியது முதல் கட்டைவிரல் கார்க்கின் மேல் இருக்கட்டும். பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, ஆள் இல்லாத பக்கம் திருப்பி, கார்க்கை அசையாமல் பிடித்துக்கொண்டு பாட்டிலைச் சுழற்றுங்கள்.

கண்ணாடிக் குவளையில் சோப்பு மிச்சம் இருந்தால் நுரை நிற்காது. குமிழி பிறப்பது வைனில் அல்ல. குவளைச் சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பஞ்சு இழைகளில். இதை விரிவாக ஆராய்ந்தவர் ரெய்ம்ஸ் பல்கலைக்கழகத்து ஜெரார் லிஜே-பெலேர். குவளையைச் சாய்த்து ஓரமாக ஊற்றினால், நேராக ஊற்றுவதைவிட வாயு அதிகம் மிஞ்சும் என்பதையும் அவர் குழு 2010இல் அளந்து காட்டியது. மிச்சத்தை வைக்க, இதற்கென்றே கிடைக்கும் பிடிப்புள்ள மூடியைப் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஒன்றிரண்டு நாள் தாங்கும். கழுத்தில் வெள்ளிக் கரண்டியைத் தொங்கவிடுவதால் பயன் எதுவும் இல்லை.

வணக்கம்.