தூரிகை இல்லாத ஓவியர்

திரையில் இருக்கிற இந்தப் படத்தை ஒரு நிமிடம் நன்றாகப் பாருங்கள். அமெரிக்காவில் பிறந்த மேரி கசாட், 1878-ல் பாரிஸில் தன்னைத்தானே வரைந்தது, இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காகிதத்தில் நீர்வண்ணம், கூடவே கோவாஷ், அதாவது அடியில் இருப்பதை மறைத்துவிடும் கெட்டியான நீர்வண்ணம். வெள்ளை உடை, கையுறை, தாடைக்குக் கீழே ரிப்பன் கட்டிய சிவப்புப் பூத்தொப்பி. ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து நம்மைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கிறார்.

சரி, தூரிகை எங்கே?

ஓவியர்கள் தங்களை வரையும்போது பெரும்பாலும் கையில் தூரிகையைக் கொடுத்துவிடுவார்கள், அதுவும் பெண் என்றால், "இதை இவளா வரைந்தாள்?" என்று கேட்க ஆள் இருந்த காலத்தில் அது ஒரு சாட்சி மாதிரி. பாரிஸின் அரசு ஓவியப் பள்ளியே 1897 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. கசாட் அந்தச் சாட்சியே வேண்டாம் என்று விட்டுவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அலங்கார ஆசை என்று இதை ஒதுக்கலாம். ஆசை இருந்தது, நல்ல உடை என்றால் அவருக்குப் பிடிக்கும், அதில் என்ன தப்பு? ஆண் ஓவியர் பட்டுத்தொப்பியோடு வரைந்துகொண்டால் கம்பீரம், பெண் செய்தால் மினுக்கலா? ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. அன்றைய பாரிஸில் வசதியான வீட்டுப் பெண் தொப்பியும் கையுறையும் இல்லாமல் தெருவில் இறங்க மாட்டாள், வெறுந்தலையோடு போனால் சலவைக்காரி என்றுதான் நினைப்பார்கள். ஆக, இது வெளியே போகிற பெண்ணின் கோலம். எங்கே போவார்? லூவர் அருங்காட்சியகத்துக்கு, நாடக அரங்குக்கு. இம்ப்ரஷனிஸ்டுகளோடு, அதாவது கண்ணில் படும் கணத்தின் ஒளியை அப்படியே தீட்ட முயன்ற ஓவியர்களோடு, சேர்ந்து காட்சிக்கு வைக்க 1877-ல் அவரை அழைத்த ஓவியர் தெகா, லூவரில் குடையை ஊன்றி நிற்கும் அவரைப் பின்பக்கமிருந்து வரைந்திருக்கிறார். கசாட்டே அதே 1878-ல் தீட்டிய அரங்க ஓவியம் ஒன்று பாஸ்டனில் இருக்கிறது: கறுப்பு உடைக்காரி ஒரு கையில் விசிறியை மூடிவைத்துவிட்டு, மறுகையில் சிறிய தொலைநோக்கியைப் பிடித்துத் தீவிரமாகப் பார்க்கிறாள், தூரத்து மாடத்தில் ஒருவன் தன் தொலைநோக்கியால் அவளையே பார்க்கிறான். அவள் கண்டுகொள்வதாகவே இல்லை! விசிறியும் தொலைநோக்கியும் அன்று எல்லாச் சீமாட்டிகளிடமும் இருந்தவைதான், ஆனால் இவள் தொலைநோக்கியை நிஜமாகவே பார்ப்பதற்கு எடுத்து வந்திருக்கிறாள்.

அப்புறம் காசு விஷயம். ஸ்டூடியோ செலவை ஓவியம் விற்றே சமாளிக்க வேண்டும் என்பது அவருடைய அப்பாவின் கறார். ஆக, படத்தில் தூரிகை இல்லையே தவிர, வரைவது அவருக்குப் பொழுதுபோக்கு இல்லை.

நமக்குத் தெரிந்து அவர் தன்னை வரைந்தது இரண்டே முறை. 1880 வாக்கில் வந்த இரண்டாவது வாஷிங்டனில் இருக்கிறது, அதுவும் நீர்வண்ணம், வேகவேகமான கோடுகள். அதில் வேலை செய்துகொண்டிருக்கிறார், தலையில் தொப்பி அப்படியே. தெகாவும் அவரைக் கையில் அட்டைகளோடு, முன்னால் குனிந்து உட்கார்ந்தபடி தீட்டினார். பிற்காலத்தில் அதை விற்றுத்தரச் சொல்லி வியாபாரிக்கு எழுதியபோது, அதற்கு உட்கார்ந்தது தான் என்று யாருக்கும் தெரியக்கூடாது என்றார் கசாட். அந்தப் படத்திலும் தொப்பி உண்டு, ஆக அவருடைய கோபம் தொப்பி மேல் இல்லை.