எடுக்காத நிறம்

அவைத் தலைவர் அவர்களுக்கும், இந்த மாலையில் வந்து அமர்ந்திருக்கும் பெற்றோருக்கும், மாணவ மாணவியருக்கும் என் வணக்கம்.

இன்றைய இளைஞர்கள் தாம் உடுத்தும் நிறத்தாலும் உடுத்தும் விதத்தாலும் தம் மனநிலையை எவ்வாறு ஆக்கிக்கொள்கிறார்கள் என்பதே நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். துணியைப் பற்றிய பேச்சு இலேசான பேச்சு என்று எண்ணுபவர் உண்டு. ஆனால் ஜவுளிக் கடையில் விற்பனையாளர் ஒரு புடவையை விரித்துப் போட்ட மறுகணமே, 'இந்தக் கலர் உனக்கு எடுக்காது' என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லிவிட, ஆசையோடு நீட்டிய கையை ஒரு பெண் மடக்கிக்கொள்ளும் காட்சியைப் பார்த்திராதவர் இந்த அவையில் இருக்க மாட்டார். எனக்குப் பதினான்கு வயதில் அது நடந்தது. தீபாவளிக்கு மாம்பழ மஞ்சளில் ஒரு பாவாடைத் துணியைத் தொட்டேன். என் அத்தை அன்போடுதான் மறுத்தார். என் மேனி நிறத்துக்கு அடக்கமாக இருக்கும் என்று வெளிர் நீலத்தில் வாங்கித் தந்தார்கள். அதன் பிறகு இருபது ஆண்டுகள் நான் மஞ்சளைத் தொடவில்லை. 'எடுப்பது' என்ற சொல் பார்ப்பவர் கண்ணைப் பற்றியது. உடுத்துகிறவர் மனத்தை அது ஒருபோதும் கேட்டதில்லை.

இன்று என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் கேள்வியையே மாற்றிக் கேட்கிறார்கள். வாய்மொழித் தேர்வு நாளில் நடுக்கம் தணிய எதை உடுத்துவது, ஊரிலிருந்து விடுதிக்குத் திரும்பிய முதல் நாள் ஏக்கத்துக்கு எது துணையாகும், எல்லாரும் பார்க்கும் மேடையில் எது தைரியம் தரும் என்றே யோசிக்கிறார்கள். கரோனா ஊரடங்கு தளர்ந்த பிறகு, 'டோபமின் டிரஸ்ஸிங்' என்ற பெயரில் இந்தப் பழக்கம் இணையத்தில் பரவியது. டோபமின் என்பது ஊக்கத்தோடும் மகிழ்ச்சியோடும் தொடர்புடைய ஒரு மூளை வேதிப்பொருள். பெயரில் அறிவியல் இருப்பதால் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். மஞ்சள் சட்டை போட்டால் மூளையில் டோபமின் பெருகும் என்று எந்த ஆய்வும் நிறுவிவிடவில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைகள் உணர்வது பொய் அன்று. அது வேறு வழியில் வேலை செய்கிறது.

2012ஆம் ஆண்டில் ஹாஜோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே வெள்ளைக் கோட்டைச் சிலரிடம் மருத்துவரின் கோட்டு என்றும், வேறு சிலரிடம் ஓவியரின் கோட்டு என்றும் சொல்லி அணியச் செய்தார்கள். மருத்துவருடையது என்று நம்பியவர்களின் கவனம் கூர்மையாக இருந்தது என்று அவர்கள் எழுதினார்கள். 2019இல் வேறொரு குழு அந்த ஆய்வின் முதற்பகுதியை மீண்டும் செய்து பார்த்தபோது அதே விளைவு கிடைக்கவில்லை. ஆகவே அதைக் கல்லில் வெட்டிய உண்மையாக நான் உங்கள் முன் வைக்கவில்லை. ஆனால் அவர்கள் தொட்ட இடம் சரியான இடம் என்றே எண்ணுகிறேன். துணி அதேதான், வெள்ளையும் அதேதான். மாறியது அதற்குக் கொடுத்த பொருள் மட்டும்.

இதற்கு ஆய்வுக்கூடம்கூட வேண்டியதில்லை. கார்த்திகை முதல் நாள் நம் ஊர்களில் எத்தனை இளைஞர்கள் மாலை போட்டுக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். நேற்றுவரை பேருந்துப் படியில் தொங்கிக்கொண்டு வந்த பையன், கறுப்பு வேட்டி கட்டிய நாளிலிருந்து செருப்பின்றி நடக்கிறான், விடியுமுன் குளிக்கிறான், சினத்தை அடக்குகிறான். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட நண்பர்கள் 'சாமி' என்கிறார்கள். அந்த விளி காதில் விழுந்ததும் அவன் உள்ளே ஏதோ ஒன்று நிமிர்ந்துகொள்கிறது. மேல்மருவத்தூருக்குச் சிவப்பு உடுத்திப் போகும் பெண்களிடமும் இதையே காண்கிறோம். உடை முதலில் மற்றவர் நம்மை நடத்தும் விதத்தை மாற்றுகிறது. அதன் வழியாக, நம்மை நாமே நடத்தும் விதமும் மாறுகிறது. ஒரு மண்டலம் முழுவதும் ஒரே நிறத்தை உடுத்தி மனத்தைப் பழக்குவது நமக்குப் பழைய பாடம்தான்.

நிறத்துக்கென்று இயல்பான விளைவு ஒன்றுமே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. 1994இல் வெளிவந்த வால்டெஸ், மெஹ்ராபியன் ஆய்வு, சிவப்பா நீலமா என்பதைவிட அந்த நிறம் எவ்வளவு வெளிச்சமானது, எவ்வளவு அடர்த்தியானது என்பதே உணர்ச்சியோடு வலுவாகத் தொடர்புடையது என்று காட்டியது. வெளிச்சம் கூடினால் இனிமையும், அடர்த்தி கூடினால் மனக்கிளர்ச்சியும் கூடுகின்றன. 2020இல் முப்பது நாடுகளில் நடந்த பெரிய ஆய்வொன்று, நிறங்களோடு மக்கள் இணைக்கும் உணர்ச்சிகள் உலகெங்கும் பெருமளவு ஒத்திருக்கின்றன என்றும், மொழியாலும் நில நெருக்கத்தாலும் அவை சற்றே வேறுபடுகின்றன என்றும் கண்டது.

அந்தச் சிறிய வேறுபாட்டுக்குள்தான் நம் வாழ்வு இருக்கிறது. வெள்ளையையே எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டிய சாத்திரம் சினத்துக்குச் சிவப்பையும், அச்சத்துக்குக் கறுப்பையும், நகைச்சுவைக்கு வெள்ளையையும் உரிய நிறங்களாக வகுத்தது. கேரளத்தில் ஓணத்தன்று கசவு எனும் பொன்சரிகைக் கரையிட்ட வெண்ணிறமே மகிழ்ச்சி. அதே வெள்ளைதான் கணவனை இழந்த பெண்கள்மீது ஆயுள் தண்டனையாகப் போர்த்தப்பட்டது. பிருந்தாவனத்தில் அவ்வாறு வெள்ளைக்குள் வாழ்ந்த முதிய பெண்கள், 2013இல் சுலப் என்ற தொண்டு நிறுவனத்தின் முயற்சியால் ஹோலி ஆடினார்கள். வண்ணப் பொடி படிந்த அந்த வெண்புடவைகளின் படத்தைப் பார்த்த எவரும், நிறம் என்பது வெறும் அலங்காரம் என்று பிறகு சொல்ல முடியாது.

நிறத்தைப் பிறர் வகுத்ததும் அதை எதிர்த்து மனிதர் தாமே எடுத்துக்கொண்டதும் சேர்ந்ததே நம் நாட்டின் உடை வரலாறு. எதை உடுத்தலாம், எந்த அளவுக்கு உடுத்தலாம் என்று சாதி கட்டளையிட்ட மண்ணில், அண்ணல் அம்பேத்கர் கோட்டு சூட்டு அணிந்து நின்றது ஒரு பிரகடனம். பட்டமளிப்பு நாளில் அம்பேத்கரின் நிறமான நீலத்தில் ஏதேனும் ஒன்றை அணிந்துகொண்டு வரும் மாணவன் ஒருவன், 'இதைப் போட்டால் முதுகு தானாக நேராகிறது' என்று என்னிடம் சொன்னான். தந்தை பெரியாரின் தொண்டர்கள் 1940களில் கருஞ்சட்டை அணிந்தது, மங்கலமில்லாதது என்று ஒதுக்கப்பட்ட நிறத்தையே மார்பில் ஏற்றிய செயல். இன்று தலைமுதல் கால்வரை கறுப்பில் வரும் பிள்ளையைப் பார்த்து 'ஏன் இப்படித் துக்க வீட்டுக்குப் போவதுபோல' என்று கேட்கும் பெற்றோர், இதைச் சற்று நினைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்குக் கறுப்பு பெரும்பாலும் சோகம் அன்று, கவசம்.

நிறத்துக்குள் நினைவும் குடியிருக்கிறது. 2015இல் பெங்களூரைச் சேர்ந்த அஞ்சு மௌத்கல் கதம், அல்லி மாத்தன் ஆகிய இருவர், ஓராண்டில் நூறு முறை புடவை உடுத்துவது என்று ஓர் உறுதிமொழி எடுத்தார்கள். நாடெங்கும் பெண்கள் அதில் சேர்ந்து, ஒவ்வொரு புடவையோடும் அதன் கதையை எழுதினார்கள். நம் தறிக்காரர்கள் நிறங்களுக்கு வைத்திருக்கும் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: கிளிப்பச்சை, மயில்கழுத்து, வாடாமல்லி, அரக்கு, வெங்காயத்தோல், மாந்துளிர். காஞ்சிபுரத்தில் ஒரு நீலம் எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரையே தாங்கி நிற்கிறது. இன்னொரு நீலத்துக்கு ஆனந்தா என்று பெயர். எந்த உளவியலாளரும் அதற்கு அப்படிப் பெயரிடச் சொல்லவில்லை. என் மாணவி ஒருத்தி தன் தாயின் கிழிந்துபோன ஆனந்தா நீலப் புடவையில் குர்த்தா தைத்து, நேர்முகத் தேர்வுக்கு அதைத்தான் அணிந்து போனாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது என்றாள். அந்த நிறத்தில் வேறு புதுத் துணி வாங்கியிருந்தால் அது நடந்திருக்காது.

விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருப்பூர்ப் பனியன் துணியில் தைத்த, தோளுக்குக் கீழே தொங்கும் பெரிய சட்டைகளைப் பிள்ளைகள் விரும்புவதை அலட்சியம் என்று நாம் கருதுகிறோம். பேருந்திலும் தெருவிலும் தன் உடலைப் பிறர் கண்கள் அளந்துகொண்டே இருப்பதை அறிந்த ஒரு பெண்ணுக்கு, அந்தச் சட்டை தரும் நிம்மதி சிறியதன்று. 2021 டிசம்பரில் கேரளத்தின் பாலுசேரி அரசு மேல்நிலைப் பள்ளியில் மாணவிகளும் கால்சட்டையும் சட்டையும் அணியும் பொதுச் சீருடை வந்தது. ஓடுவதற்கும் பேருந்தில் ஏறுவதற்கும் எளிதாக இருக்கிறது என்ற எளிய காரணமே அந்தப் பிள்ளைகளுக்குப் போதுமானதாக இருந்தது. உடல் இளகினால் மனமும் இளகும். வியர்வை வழியும் சென்னை வெயிலில் நைலான் கலந்த இறுக்கமான உடையை மாட்டிக்கொண்டு எந்த நிறத்தை உடுத்தியும் பயனில்லை.

ஆனால் மனநிலைக்கு ஒரு நிறம் என்று வாங்கிக் குவிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாகிப் போனதையும், 2011இல் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதையும் நாம் மறக்கக் கூடாது. நம் அலமாரியின் வண்ணங்களுக்கு ஒரு நதி விலை கொடுத்திருக்கிறது. அதற்கும் மேலாக, நான்கே நான்கு உடுப்புகளோடு கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இந்த அவையிலும் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு துப்பட்டாவை மாற்றியோ, கைக்கடிகாரப் பட்டையை மாற்றியோ, தலையில் ஒரு செவ்வந்தியைச் செருகியோ அந்த நாளைத் தமக்கு உரியதாக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சிறு இடத்தையும் உடைக் கட்டுப்பாடு என்ற பெயரில் பறித்துக்கொள்ள வேண்டாம் என்று கல்லூரி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இறுதியாக, விடுதியில் இருக்கும் மாணவர்களுக்கு மட்டும் ஒன்று. நிறம் மருந்து அன்று. மனச்சோர்வு நோயை எந்தச் சட்டையும் தீர்க்காது. ஆனால் உடை ஒன்றைச் சொல்லும். மனநல மருத்துவர், தம்மிடம் வந்த ஒருவரைப் பரிசோதிக்கத் தொடங்கும்போது, வந்தவர் எவ்வாறு உடுத்தியிருக்கிறார், தம்மைப் பேணியிருக்கிறாரா என்பதைத்தான் முதலில் குறித்துக்கொள்கிறார். பார்த்துப் பார்த்து உடுத்திய உங்கள் அறைத்தோழி, சில நாட்களாக ஒரே கசங்கிய உடையில், குளிக்காமல், எதை எடுப்பது என்ற நினைப்பே இல்லாமல் படுத்திருந்தால், கேலி செய்யாதீர்கள், அறிவுரையும் சொல்லாதீர்கள். அருகில் உட்காருங்கள். சாப்பிட்டாளா என்று கேளுங்கள். அவள் சம்மதித்தால் 14416 என்ற எண்ணை அழைத்துக் கொடுங்கள். 2022 முதல் இயங்கிவரும் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது; எந்த நேரத்திலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

நன்றி. வணக்கம்.