குரங்கில் ஆள் அடையாளம்

அவையோர்க்கு வணக்கம். நம் புதுச்சேரிப் போலீஸ்காரர்கள் பத்துப் பேர் சிவப்புத் தொப்பியோடு வரிசையாக நின்றால், எட்ட இருந்து பார்ப்பவருக்குத் தொப்பிதான் தெரியும், ஆள் தெரியாது. நாட்டுக் குரங்கும் தலையில் முடித்தொப்பி வைத்த இனம்தான். ஒவ்வொரு குரங்கையும் தனி ஆளாக அடையாளம் கண்டு, படமும் குறிப்புமாக ஓர் ஏட்டில் பதிவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. உயிரியல் பூங்காவில் ‘எல்லாம் ஒரே மாதிரி இருக்கே’ என்று நகர்ந்துவிடுகிறோமே, அது தொப்பியோடு பார்வை நின்றுபோவதால் வருவது.

தொப்பியை விட்டு முதலில் காதுக்கு வாருங்கள். சண்டையில் பிய்ந்த மடல் திரும்ப வளராது. வெட்டு விளிம்பில் எந்த இடத்தில், எவ்வளவு ஆழம் என்று குறியுங்கள். பிறகு வால்: ஒடிந்து கூடிய வாலில் ஒரு கோணல் நிற்கும். இல்லாத விரல், உடைந்த கோரைப்பல், முகத்தோலில் புள்ளி, மூக்குத் துவாரத்தின் வடிவம் எல்லாம் உதவும். ஆனால் ஒன்றை மட்டும் நம்பி ஆளைச் சொல்லாதீர்கள். குறைந்தது மூன்று அடையாளங்கள் பொருந்த வேண்டும்.

ஏமாற்றும் அடையாளங்களும் உண்டு. நாட்டுக் குரங்கில் பால் கொடுக்கும் தாயின் முகம் சிவந்திருக்கும், குட்டி வளர்ந்தபின் அந்தச் சிவப்பு போய்விடும். நனைந்த முடி, புதுக் காயத்தின் பொருக்கு, மடியில் குட்டி இவையும் அப்படித்தான். நீலகிரிக் கருமந்தியில் பெண்ணுக்குத் தொடையின் உட்புறம் வெள்ளைத் திட்டு இருக்கும். அது ஆணா பெண்ணா என்று சொல்லும், எந்தப் பெண் என்று சொல்லாது.

வண்டலூருக்குப் போகிறவர்களுக்குச் சிங்கவால் குரங்கு தனிப் பாடம். (செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை, பஸ் ஏறுமுன் நினைவிருக்கட்டும்.) முகம் கறுப்பு, உடலும் கறுப்பு, காதைப் பிடரிமயிர் மறைத்துவிடும். அங்கே வெள்ளிநிறப் பிடரியின் ஓரக்கோட்டையும் வால்குஞ்சத்தின் வடிவத்தையும் பாருங்கள். கறுத்த உடல் படத்தை நிறைத்தால் கேமரா அதை வெளுக்கப் பார்க்கும், பிடரி விவரமே இல்லாமல் வெளுத்துப்போகும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும், கூட்டினால் இரட்டிப்பாகும்). பின்னால் வானம் வந்தால் நேர்மாறு: குரங்கு நிழலுருவாகிவிடும், ஒரு ஸ்டாப் கூட்டுங்கள்.

கம்பிவலை பெரிய தொல்லை. ஆட்டோஃபோகஸ் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும், அதனால் ஒற்றைப் புள்ளி ஃபோகஸில் வைத்துக் கண்ணைக் குறிபாருங்கள். 200 மி.மீ. அல்லது அதற்கு மேல் லென்ஸ், லென்ஸின் திறப்பு அகலமாக எஃப் 4 அல்லது 2.8, ஷட்டர் வேகம் 1/500 நொடி. குரங்கு வலையை விட்டு நன்றாகத் தள்ளி உட்காரும்வரை காத்திருங்கள், அப்போதுதான் வலை கரைந்து மறையும். வெயில் படும் வலை வெள்ளையாகப் படிந்து படத்தை மங்கடிக்கும், நிழல் விழுந்த பகுதியைத் தேடுங்கள். தடுப்புக்கு மேல் சாய்வது கூடாது. கண்ணாடிக் கூண்டென்றால் லென்ஸின் முனையில் மாட்டும் ரப்பர் ஹுட்டைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள். எங்கும் ஃபிளாஷ் வேண்டாம்.

குரங்குக்கு நேர்ப்பார்வை மிரட்டல். லென்ஸும் ஒரு பெரிய கண்தானே! எடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். ஆண் குரங்கு கொட்டாவி விட்டால் தூக்கம் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் அது பதற்றம். கோரைப்பல்லுக்கு அருமையான படம் கிடைக்கும், நீங்கள் ஓரடி பின்வாங்க வேண்டிய நேரமும் அதுதான்.

ஒவ்வொரு ஆளுக்கும் நேர்முகம், இரு பக்கவாட்டு முகம், வால், பின்பக்கம் என ஐந்து படம். குறிப்பில் ‘இடது’ என்றால் குரங்கின் இடதே தவிர, பார்ப்பவருடையது அல்ல. இந்த ஓர் இடத்தில்தான் ஏடுகள் அதிகம் குழம்புகின்றன. போனின் முன்கேமராவில் எடுத்தால் படமே கண்ணாடிபோல் திரும்பியிருக்கக்கூடும்.

பூங்காவில் குரங்கின் தோலுக்கடியில் அடையாள எண் கொண்ட மைக்ரோசிப் வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். அதைப் படிக்கக் கருவியைக் குரங்கின் மேல் கொண்டுபோக வேண்டும். மருந்து எந்தக் குரங்குக்குப் போனது, யாரை யாரோடு ஜோடி சேர்த்தால் உறவுக்குள் போகாது என்பதற்கெல்லாம், கூண்டுக்கு வெளியே நிற்பவருக்குக் காது வெட்டுதான் சிப்.

ஏடு சரியா என்று பார்க்க ஒரு வழி: பெயரை மறைத்து இருபது படங்களை, அந்தக் குரங்குகளை அறியாத ஒருவரிடம் கொடுத்து உங்கள் குறிப்பை வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் குறிப்பை அடித்துவிட்டு வேறொன்று எழுதுங்கள்.